மறைத்தலும் காண்டலும்: சுழல்துப்பாக்கி முன்குறியின் வரலாறு

படைக்கலங்களின் வரலாற்றை ஆராய்வோர் வெடிமருந்தின் வலுவையும், குண்டின் விட்டத்தையும், சுடும் வேகத்தையுமே பெரும்பாலும் அளவுகோல்களாகக் கொள்வர். கருவியை ஏந்தியவனுடைய கண் அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றது. ஆயினும், குறி பார்க்க இயலாத கருவி எத்துணை வலுவுடையதாயினும் அதனாற் பயன் சிறிதே. இலக்கைத் தவறிய குண்டு எங்கோ ஓரிடத்திற் சென்று தங்கியே தீரும். சனநெரிசல் மிக்க தெருவொன்றில் அவ்விடம் எவ்விதத் தொடர்புமற்ற வழிப்போக்கர் ஒருவரின் உடலாகவும் இருத்தல் கூடும். ஐக்கிய அமெரிக்காவிலே உடையினுள் மறைத்துச் செல்லப்படும் ரிவோல்வர் எனும் சுழல்துப்பாக்கியின் முன்குறி, மறைத்தல், காண்டல் என்னும் முரண்பட்ட இரு தேவைகளுக்கிடையே எவ்வாறு மாற்றமுற்று வந்துள்ளது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்குறி என்பது குழலின் நுனியில் நிற்கும் சிறு தகடாகும். துப்பாக்கியின் பிற்பகுதியிலுள்ள பள்ளம் பின்குறி எனப்படும். சுடுபவர் பின்குறியின் பள்ளத்தினூடாக முன்குறியை நோக்கி, அதனை இலக்கின் மீது பொருத்துதல் வேண்டும். பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றும் கண்ணிலிருந்து வெவ்வேறு தொலைவுகளில் உள்ளன. மனிதக் கண்ணின் வில்லையோ ஒரு வேளையில் ஒரு தொலைவிலுள்ள பொருளையே தெளிவாகக் காட்ட வல்லது. ஆதலின் முன்குறியைத் தெளிவாக நோக்கி, ஏனைய இரண்டையும் சற்று மங்கலாகவே விடுதல் நெடுங்கால மரபாயிற்று. இவ்வாறு முழு நோக்கையும் ஒரு சிறு தகட்டின்மீது குவிக்க வேண்டியிருந்தமையால், அத்தகடு கண்ணுக்குப் புலப்படாதவிடத்து முறை முழுவதுமே பயனற்றதாயிற்று.

சாமுவேல் கோல்ற் தமது சுழல்துப்பாக்கிக்கு அமெரிக்க ஆக்கவுரிமையை 1836 ஆம் ஆண்டிற் பெற்றார். அவரது நிறுவனம் 1851 இல் வெளியிட்ட நேவி என்னும் வகையில் முன்குறி சிறியதொரு பித்தளை மணியாக அமைந்தது. அதன் பின்குறியோ சுத்தியலின் உச்சியில் வெட்டப்பட்ட ஒரு பள்ளமேயாகும். சுத்தியலைப் பின்னே இழுத்து நிறுத்தினாலன்றி அப்பள்ளம் கண்ணுக்குத் தென்படாது. 1873 இல் வெளிவந்த கோல்ற் துப்பாக்கியில் பின்குறி சட்டத்தின் மேற்புறத்தில் நீண்ட பள்ளமாகவும், முன்குறி வளைந்த மெல்லிய தகடாகவும் மாற்றமுற்றன. இவற்றை ஏந்தியோர் வெளிப்படையாக இடையில் உறையிட்டே பெரும்பாலும் சென்றனர். நீண்ட குழல் இருந்தமையால் குறிகளுக்கிடையிலான தூரமும் பெரிதாயிருந்தது.

இலக்குச் சுடும் போட்டிகள் வளர்ச்சியுற்றபோது குறிகளின் வடிவம் முதன்முறையாகக் கருத்தூன்றி ஆராயப்பட்டது. 1890களில் ஈ. ஈ. பற்றிச் என்பவர் சதுர வடிவான முன்குறியையும், அதற்கிசைந்த சதுரப் பள்ளத்தையும் பயன்படுத்தினார். முன்குறியின் இருமருங்கிலும் சம அளவான ஒளிக்கீற்றுத் தென்படின் துப்பாக்கி நேராக உள்ளது என்பது அம்முறையின் அடிப்படை. கருந்தகட்டுக்கும் வெண்பின்னணிக்கும் இடையேயுள்ள வேறுபாட்டையே அது நம்பி நின்றது. போட்டித் திடலில் அஃது ஏற்புடையதே. ஆனால் கறுத்த உடை அணிந்த ஒருவர் இருண்ட ஒழுங்கையில் நிற்பின் கருந்தகடு அப்பின்னணியிற் கரைந்து மறைந்துவிடும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நகரப் பொலிஸ் துப்பறிவோருக்கு உடையினுள் மறைக்கத்தக்க சிறு துப்பாக்கி தேவைப்பட்டது. கோல்ற் நிறுவனத்திற் பணியாற்றிய யோன் ஹென்றி பிற்ஸ்ஜெரால்ட், குழலை இரண்டங்குல அளவாகக் குறுக்கி, சுத்தியலின் நீட்சியையும் வெட்டி அகற்றினார். உடையிற் சிக்காது விரைந்து உருவ வேண்டும் என்பதே அவரது நோக்கம். 1927 இல் அந்நிறுவனம் டிடெக்டிவ் ஸ்பெஷல் என்னும் இரண்டங்குலக் குழலுடைய துப்பாக்கியை வெளியிட்டது. ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் 1950 இல் ஐந்து குண்டுகள் மட்டுமே கொண்ட சீஃப்ஸ் ஸ்பெஷலை வெளியிட்டது. இவற்றின் முன்குறிகள் உறையிலும் துணியிலும் சிக்காதவாறு தாழ்வாகவும், மெல்லியவையாகவும், வளைந்தோ சாய்ந்தோ அமைந்தன. கருவி மறைவதற்கு எவ்வளவு ஏற்றதாயிற்றோ அவ்வளவுக்கு அதன் முன்குறியும் அதை ஏந்தியவனுக்கே மறைவதாயிற்று.

இதன் விளைவு எளிய கணிதத்தால் விளங்கும். இரு குறிகளுக்கும் இடைத்தூரம் 100 மில்லிமீற்றராகவிருக்க, முன்குறி ஒரு மில்லிமீற்றர் பிசகுமாயின், 7 மீற்றர் தொலைவிற் குண்டு 7 சென்ரிமீற்றர் விலகும். 25 மீற்றரில் 25 சென்ரிமீற்றர் விலகும். இடைத்தூரம் இருமடங்காயின் விலகல் பாதியாகும். ஆகவே, குறுகிய குழலிலேதான் முன்குறி மிகத் தெளிவாகத் தென்படுதல் வேண்டும். அங்கேயே அது மிகச் சிறிதாக்கப்பட்டமை இவ்வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும்.

1934 இல் எவ்.பி.ஐ. முகவர்கள் ஆயுதந் தாங்கும் அதிகாரத்தை அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்தால் வழங்கியது. அவ்வமைப்பின் படைக்கலப் பயிற்சியில் ஈடுபட்ட பிராங் போமன் என்பவரது பெயரால் வழங்கும் முன்குறி, மேற்கூறிய முரணைத் தீர்க்க முயன்ற ஒன்றாகும். உறையிற் சிக்காதவாறு பின்புறம் சாய்தளமாகவும், ஒளி தெறித்துக் கண்ணைக் கூசச் செய்யாதவாறு குறுக்குக் கீறல்களுடனும் அது அமைந்தது. விரைந்து சுடுவதில் வல்லவரெனப் புகழ்பெற்ற எட் மக்கிவர்ன் பொன்மணி பதித்த முன்குறியை விரும்பினார். பின்னர் சாய்தளத்தினுள் செந்நிறப் பிளாஸ்டிக் துண்டு பதிக்கும் முறையும் பரவியது. 1965 இல் துருப்பிடியா உருக்கினாலான ஸ்மித் அன்ட் வெசன் 60 ஆம் வகை வெளிவந்தபோது புதியதொரு தொல்லையும் தோன்றியது. கருந்தகடு இருளில் மறைந்தது போல, வெள்ளித்தகடு வெயிலில் மறைந்தது. வெண்பூச்சின் மேல் ஒளிர்நிறம் பூசுதலும், நகப்பூச்சு இடுதலும் பாவனையாளர் தாமே கண்ட எளிய பரிகாரங்களாம்.

எந்நிறம் ஏற்றது என்பதற்குக் கண்ணின் இயல்பே விடை கூறும். பகலொளியில் மனிதக் கண் 555 நனோமீற்றர் அளவிலான மஞ்சட்பச்சை ஒளிக்கே மிகுந்த உணர்திறன் உடையது. மங்கலொளியில் அவ்வுச்சம் ஏறத்தாழ 507 நனோமீற்றருக்கு நகர்கின்றது. செந்நிறம் அந்தியிற் கறுத்துத் தோன்றும் இவ்வியல்பை பேர்க்கின்சி என்னும் அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அவதானித்தார். எனவே நண்பகலில் பளிச்சிட்ட செந்துண்டு, ஆபத்து மிகுந்த மாலைப்பொழுதிலே உதவாது போயிற்று. பிற்காலத்தில் திரிற்றியம் வாயு அடைத்த கண்ணாடிச் சிறுகுழாய் முன்குறியிற் பொருத்தப்பட்டது. அதன் அரைவாழ்வுக்காலம் 12.3 ஆண்டுகளாதலின் அதன் ஒளி ஆண்டுதோறும் குன்றும். ஆயினும் இருளில் அது தானே ஒளிரும்.

நெருங்கிய சண்டையிற் குறிகளே வேண்டா என்போரும் உளர். சங்காய் நகரசபைப் பொலிஸிற் பணியாற்றிய பெயர்பெயர்ன், சைக்ஸ் ஆகியோர் 1942 இல் வெளியிட்ட நூலில், கைக்கெட்டும் தொலைவில் நிகழும் மோதல்களிற் குறி பார்க்க அவகாசமில்லை என வாதிட்டனர். அனுபவத்திலிருந்து பிறந்த இக்கூற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆயினும், ஓரடி தொலைவுக்குப் பொருந்துவது வீதியின் அகலத்துக்குப் பொருந்துமெனக் கொள்ளல் தவறாகும். 1986 ஏப்பிரல் 11 ஆம் திகதி மியாமி நகரில் எட்டு எவ்.பி.ஐ. முகவர்கள் இருவரை எதிர்கொண்டனர். இரு முகவர்கள் மாண்டனர்; ஐவர் காயமுற்றனர். வாகனங்கள் மோதிய வேளையில் முகவர் ஒருவர் தமது மூக்குக்கண்ணாடியை இழந்தார். ஈற்றில், கையிற் படுகாயமுற்றிருந்த ஒரு முகவர் தமது சுழல்துப்பாக்கியின் ஆறு குண்டுகளையும் சுட்டு அம்மோதலை முடிவுறச் செய்தார். பெருவலுவுள்ள குண்டு வேண்டுமென்பதே அந்நிகழ்விலிருந்து பெரிதும் எடுத்துக் கொள்ளப்பட்ட பாடம், எவ்.பி.ஐ. சுழல்துப்பாக்கியைக் கைவிட்டு அரைத் தன்னியக்கக் கைத்துப்பாக்கிக்கு மாறியது. கண்ணாடியை இழந்த கண்ணைப் பற்றி ஒப்பீட்டளவிற் குறைவாகவே பேசப்பட்டது.

ஆயினும் சுழல்துப்பாக்கியை மறைத்துச் செல்லும் வழக்கம் அங்கு ஒழிந்துவிடவில்லை. நாற்பது வயதைக் கடந்தோருக்கு வெள்ளெழுத்து ஏற்பட, கைநீளத்தில் உள்ள தகடு மேன்மேலும் மங்குகின்றது. கழற்றி மாற்றத்தக்க முன்குறிகளும், திரிற்றியக் குழாயைச் சூழ்ந்த மஞ்சட்பச்சை அல்லது செம்மஞ்சள் வளையங்களும் இத்தேவையை ஒட்டியே பெருகின. குழலின் நுனியிலுள்ள இச்சிறு தகட்டின் வரலாறு ஓருண்மையைப் புலப்படுத்துகின்றது. மறைத்தலும் விரைவும் விற்பனைக்குரிய சிறப்புகளாக ஒரு நூற்றாண்டு காலம் முன்னிறுத்தப்பட, குண்டு எங்கே செல்லும் என்பதைக் காணும் பொறுப்பு தனிமனிதனின் கண்ணிடமும் நகப்பூச்சுப் போத்தலிடமும் விடப்பட்டது. உயிர்ப்பொறுப்புடைய ஒரு கருவியில் மிக முற்பட்டுச் சீர்செய்யப்பட வேண்டியது மிகப் பிற்பட்டே சீர்செய்யப்பட்டது என்பதை வரலாற்று மாணவர் மனங்கொள்ளல் தகும்.