பி.ஏ. படித்து என்ன செய்யப்போற?

மண்ணாடிப்பட்டுப் பக்கம் நம் காலனிப் பிள்ளைகள் வரலாறோ பொருளாதாரமோ எடுத்தால் எல்லோரும் கேட்பது இதைத்தான். 1912இல் பம்பாயில் அண்ணல் அம்பேத்கர் வாங்கியதும் பி.ஏ.தான், பொருளாதாரமும் அரசியலும். பரோடா மன்னர் மாதம் 25 ரூபாய் கொடுத்தார், அதனால் படித்தார். வைஸ்ராய் நிர்வாக சபையில் அவர் இருந்தபோது, 1944இல், பட்டியல் சாதி மாணவர்களுக்கான கல்லூரி உதவித்தொகை தொடங்கியது.

ஆனால் அது பிரிட்டிஷ் இந்தியாவுக்கு. நாமோ பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தோம். 1954இல் இந்தியாவோடு இணைய 178 பிரதிநிதிகளில் 170 பேர் வாக்களித்த கீழூர் வில்லியனூர் கொம்யூனில்தான் இருக்கிறது (அந்த ஊர்ப் பெயரைப் பாடத்தில் தேடிப் பாருங்கள்!). புதுச்சேரிக்கான பட்டியல் சாதி ஆணை வந்ததோ 1964இல். சாதிச் சான்றிதழுக்காகப் பிள்ளைகளோடு தாலுக்கா ஆபீஸ் வாசலில் காத்திருக்கும்போது, இந்த இருபது வருட இடைவெளியைத்தான் நாங்கள் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்போம்.