மலையகத்து வாய்கள் சொன்ன வரலாறு

துன்பத்தைப் பொறுத்திருப்பதைப் 'பல்லைக் கடித்துக்கொண்டிருத்தல்' என்று கூறுவது தமிழ் வழக்கு. அது வெறும் சொல்லலங்காரமன்று. கவலை மிகுந்தபோது பட்டப்பகலிலும் தம்மையறியாமல் பல்லை இறுக்கிக்கொள்ளும் இளைஞர் உளர். நாவின் ஓரத்தில் பதிந்த பல்தடமும், கன்னத்தின் உட்புறத்து வெண்கோடும், தேய்ந்த பல்முனையும் அப்பழக்கத்தைக் காட்டிக்கொடுக்கக்கூடும் என்பர் பல் மருத்துவர். பேசாத வாயும் சான்று கூறும். அவ்வாறு நம் மலையகத் தொழிலாளரின் வாய்கள் உலகுக்குக் கூறிய ஒரு சான்றைப் பற்றியே இன்று பேசவிருக்கிறேன்.

1970ஆம் ஆண்டில், நோர்வே நாட்டில் பிறந்த ஹரால்ட் லோ என்னும் பல் மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் நுவரெலியா மாவட்டத்துப் பூண்டுலோயாப் பகுதிக்கு வந்தனர். அங்குள்ள டன்சினன், ஹெரோ ஆகிய இரு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் பற்களையும் ஈறுகளையும் அளந்து குறித்தனர். அவர்களுள் இளையோருக்கு வயது 14. தூரிகையால் பல் துலக்கும் வழக்கமோ, முறையான பல் மருத்துவமோ அவர்கள் அறியாதவை. மருத்துவம் தலையிடாதபோது ஈறுநோய் எவ்வாறு வளர்கிறது என்பதைக் காண்பதே அறிஞர்களின் நோக்கம். ஒப்புநோக்குவதற்கு, இளமை முதல் ஒழுங்கான பல் பராமரிப்புப் பெற்ற ஒஸ்லோ நகரத்தாரையும் அவர்கள் ஆராய்ந்தனர்.

சோதனைகள் 1985 வரை தொடர்ந்தன. அதற்குள் மலையகமே மாறிவிட்டது. 1964இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கப்பலேறின. 1975இல் பெருந்தோட்டக் கம்பனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாயின. இறுதிச் சோதனைக்கு எஞ்சியவர் 161 பேரே.

முடிவுகள் வியப்புக்குரியவை. ஏறத்தாழ எல்லோருடைய பற்களிலும் அழுக்கும் காரையும் படிந்திருந்தன, ஈறுகள் வீங்கியிருந்தன. சொத்தைப் பல் மட்டும் மிக அரிது. எனினும் நோய் எல்லோரையும் ஒன்றுபோல் தாக்கவில்லை. நூற்றுக்கு 8 பேருக்கு அது விரைந்து பரவிற்று. அவர்கள் 20 வயதளவிலேயே பல்லிழக்கத் தொடங்கி, 45 வயதில் அனைத்தையும் இழந்தனர். 81 பேருக்கு மெல்ல வளர்ந்தது. 45 வயதில் அவர்கள் இழந்தவை சராசரி 7 பற்கள். எஞ்சிய 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது.

ஒரே மண், ஒரே உழைப்பு, ஒரே விதமான அழுக்கு. ஆயினும் மூவகை விதி! அழுக்கு நோய்க்கு வித்தாயினும், அதை ஏற்கும் உடலின் இயல்பும் முடிவைத் தீர்மானிக்கிறது என்பது இதனால் புலப்பட்டது. பிறநாட்டுப் பல் மருத்துவ மாணவர்களும் இந்த ஆய்வைப் பாடமாகக் கற்கின்றனர். 2010இல் அறிஞர்கள் மீண்டும் தேடிவந்தபோது, முதல் 480 பேரில் 75 பேரைக் கண்டு சோதித்தனர்.

நேயர்களே, இப்பேரறிவு எதிலிருந்து பிறந்தது? மருத்துவம் எட்டாத வாய்களிலிருந்து பிறந்தது. ஆகவே அதன் பயன் முதலில் சேரவேண்டிய இடமும் லயத்து வாசலே. பதினான்கு வயதுப் பிள்ளையின் ஈற்றில் குருதி கசிந்தால், அதை அற்பமென்று தள்ளாதீர்கள். விரைந்து கெடும் அந்த எண்மருள் ஒருவராக அப்பிள்ளை இருக்கலாம். காலத்தே கண்டால் அப்பற்களைக் காக்க இயலும். தங்கள் தந்தையரும் பாட்டன்மாரும் உலகுக்கு ஈந்த பாடத்தின் பயனைப் பெறுவது அப்பிள்ளைகளின் உரிமையன்றோ?