பக்கிங்ஹாம் பிரபுவின் முகம்

திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், பழவேற்காட்டையும் எண்ணூரையும் தொட்டு ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயருக்குரிய மனிதரின் முகத்தைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. 1875 முதல் 1880 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த அந்தப் பிரபுவை எதிரில் இருத்தி, ஆளுயரத்துக்கு வரைந்தவர் ராஜா ரவிவர்மா. அப்போது ஓவியருக்கு வயது முப்பதுதான்.

ரவிவர்மா என்றதுமே வீட்டுச் சுவரில் தொங்கிய சரஸ்வதியும் லட்சுமியும், அன்னத்தோடு நிற்கும் தமயந்தியும்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் அவர் அச்சகம் தொடங்கியது 1894இல். அதற்கு முன்பே கால் நூற்றாண்டு காலம் அவர் உருவப்படக்காரர். கூலி வாங்கி வரைந்த முதல் படமே 1870இல், கோழிக்கோட்டில் நீதிபதியாக இருந்த கிழக்கே பாலாட் கிருஷ்ண மேனனின் குடும்பப் படம். அதன் பிறகு மகாராஜாக்கள், திவான்கள், ஆளுநர்கள் என்று ஆண்கள் வரிசையாக வந்து அவர் முன் அமர்ந்தார்கள்.

இந்தக் கலையை அவருக்கு யாரும் எளிதில் கற்றுக்கொடுத்துவிடவில்லை. திருவிதாங்கூர் அரண்மனை ஓவியர், மதுரைக்காரரான ராமசாமி நாயக்கர், தைலவண்ண நுணுக்கத்தைச் சொல்லித்தர மறுத்துவிட்டார். நாயக்கரின் உதவியாளர் ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமாகச் சில பாடங்கள் சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். 1868இல் திருவனந்தபுரம் வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும் கற்பிக்கவில்லை. தான் வரையும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். ரவிவர்மாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அவர் பார்த்துப் பிடித்துக்கொண்ட சூட்சுமம் இதுதான்: தைலவண்ணம் மெதுவாக உலரும். ஈரம் காயுமுன் ஒரு நிறத்தை இன்னொன்றுக்குள் இழைத்துவிட்டால், கன்னத்தின் ஒளி தாடைக்கடியில் இருக்கும் நிழலோடு கோடு தெரியாமல் கலந்துவிடும். தஞ்சாவூர் ஓவியங்களில் நகையும் சரிகையும் தங்கத்தகடாகவே ஒட்டப்பட்டிருக்கும். ரவிவர்மாவின் மகாராஜாக்கள் அணிந்திருக்கும் சரிகையில் பொன் துளியும் கிடையாது. மஞ்சளும் பழுப்பும் வெள்ளையும் சேர்ந்தே அந்த மினுமினுப்பைத் தருகின்றன.

பக்கிங்ஹாம் பிரபு ஓர் ஐரோப்பிய ஓவியரிடம் பதினெட்டு முறை உட்கார்ந்தும் முகச்சாயல் சரியாக வரவில்லை. ரவிவர்மா சில அமர்வுகளிலேயே கொண்டுவந்துவிட்டார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. சென்னை அரசினர் மாளிகைக்காக வரைந்த படம் அது.

இந்த இடத்தில் காலத்தை மறந்துவிடக் கூடாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. கால்வாய், பஞ்ச நிவாரண வேலையாக அந்தப் பட்டினிக் கைகளால்தான் வெட்டப்பட்டது. பழைய கால்வாய் முழுவதற்கும் பிரபுவின் பெயர் வந்ததும் அப்போதுதான். அதே ஆண்டுகளில் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமாக நின்ற ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் புகைப்படம் எடுத்தார். தூரிகை ஆளுநரின் முகத்தைப் பதிவு செய்தது. பசித்தவர்களின் முகம் காமிராவில் மிஞ்சியது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்காமல் அந்தச் சென்னையைப் புரிந்துகொள்ள முடியாது.

1880இல் அதே பிரபு திருவனந்தபுரம் சென்றார். திருவிதாங்கூர் மகாராஜாவும் மகாராஜாவின் தம்பியும் அவரை வரவேற்பதை ரவிவர்மா அடுத்த ஆண்டு வரைந்து முடித்தார். 2007இல் அந்தப் படம் ஏலத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது.

அதே காலத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ரவிவர்மாவைவிட நான்கு வயது மூத்த ஓவியர் ஒருவர் இருந்தார், தாமஸ் ஏக்கின்ஸ். டாக்டர் சாமுவேல் கிராஸ் அறுவைசிகிச்சை நடுவே, கையில் ரத்தத்தோடு நிமிர்ந்து நிற்பதை 1875இல் வரைந்தார். பார்த்தவர்கள் அருவருத்தார்கள். 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அந்தப் படம் போனது. அங்கேயே ரவிவர்மாவின் பத்து ஓவியங்களும் போயின, பதக்கங்கள் பெற்றன. அந்தப் பத்திலும் பெரும்பாலும் பெண்கள்தான். அவர் வரைந்த ஆண்கள் அரண்மனைகளிலும் ஆளுநர் மாளிகைகளிலும் தங்கிவிட்டார்கள். உலகம் அவரைப் பாதி மட்டுமே பார்த்ததற்கு இது முக்கியக் காரணம் என்றே தோன்றுகிறது.

பின்னாளில் தம்பி ராஜராஜவர்மாவும் கூடவே வேலை செய்தார். அன்று சென்னையிலிருந்து பம்பாய்க்குப் போகும் ரயில் அரக்கோணம், ராய்ச்சூர் வழியாகத்தான் போகும். சகோதரர்களின் பயணங்களில், அரக்கோணத்துக்கு முன்பே வரும் நம்ம வேப்பம்பட்டும் ஜன்னலில் கடந்துபோயிருக்கும். 1901இல் உதய்ப்பூரில், இறந்து மூன்று நூற்றாண்டு கடந்த ராணா பிரதாப்பை ரவிவர்மா வரைய வேண்டியிருந்தது. எதிரில் உட்கார ஆள் இல்லை. பழைய சிற்றோவியங்களைத் துணைக்கு வைத்துக்கொண்டார். சென்னை ஆளுநர் ஹேவ்லாக்கின் படமும் இந்தக் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தது. தம்பி 1905இல் இறந்தார். அடுத்த ஆண்டு அக்டோபர் 2இல் அண்ணனும் காலமானார்.

இன்று ராஜாஜி மண்டபம் என்று அழைக்கப்படும் பழைய விருந்து மண்டபத்தில் தொங்கிய ஆளுநர் படங்களில் பல, இப்போது புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வேப்பம்பட்டில் மின்சார ரயில் ஏறினால் அரை நாளில் பார்த்துத் திரும்பிவிடலாம். வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை.