நளன் தோற்றது கலியாலா, கணக்காலா?

பினாங்குத் தீவிலே 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் ஆங்கிலக் கொடியை ஏற்றியபோது, கப்பற் சரக்குகளுக்குத் தீர்வை இல்லை என்பதே வணிகரை ஈர்க்கும் வழியாகக் கொள்ளப்பட்டது. தீர்வை இல்லையெனின் ஆட்சிச் செலவுக்குப் பொருள் எங்கிருந்து வரும்? அபினி, சாராயம், சூது ஆகியவற்றைக் குத்தகைக்கு விட்டு அப்பொருள் ஈட்டப்பட்டது. சூதுக் குத்தகைக்காரர் அரசுக்கு இத்தனை என்று பேசிய தொகையைக் கட்டிவிட்டு ஆட்டக்களத்தை நடத்துவார். ஆடுவோர் இழப்பதிலிருந்து அத்தொகையும் எடுக்கவேண்டும். தம் ஊதியமும் எடுக்கவேண்டும். பினாங்கில் இக்குத்தகை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நிறுத்தப்பட்டது. பேராக், சிலாங்கூர் முதலிய கூட்டு மலாய் நாடுகளிலோ அது 1912ஆம் ஆண்டு இறுதிவரை நீடித்தது. பினாங்குச் சர்ச் தெருவில் மாளிகை எழுப்பிய சுங் கெங் குவீ போன்ற செல்வர் பேராக்கிற் குத்தகை எடுத்தவரே. ஈயச் சுரங்கத்திற் கூலியாள் பெற்ற சம்பளம், சூதுவிடுதி வழியாக முதலாளியிடமே திரும்பிச் சென்ற கதை மலாயா வரலாற்றில் அறியத்தக்க ஒன்று.

அவ்விடுதிகளில் ஆடப்பெற்றவற்றுள் ஒன்று பான்டான் என்னும் சீன ஆட்டம். காசுகளையோ விதைகளையோ ஒரு குவியலாக வைத்துக் கிண்ணத்தால் மூடுவர். ஆடுவோர் ஒன்று முதல் நான்குவரை ஏதேனும் ஓர் எண்ணின்மேற் பணம் கட்டுவர். பின்னர்க் கிண்ணத்தை எடுத்து, ஒரு குச்சியால் நான்கு நான்காக ஒதுக்கிக்கொண்டே வருவர். இறுதியில் எஞ்சுவது எத்தனையோ, அந்த எண்ணுக்கே வெற்றி.

நான்கால் வகுத்து மீதம் பார்க்கும் இம்முறை நம் முன்னோர்க்கும் புதியதன்று. வேதகாலச் சூதில் உருட்டப்பட்டவை இன்று நாம் காணும் தாயக்கட்டைகள் அல்ல, தான்றிக்காய்கள். ஒரு பிடி காய்களை அள்ளி எறிந்து நான்கு நான்காக எண்ணினர் என்று கருதினார் செருமானிய அறிஞர் ஹைன்ரிச் லூடர்ஸ். அவரது ஆராய்ச்சி 1907இல் வெளிவந்தது. மீதமின்றி முடிந்தால் அது கிருதம்; மூன்று எஞ்சினால் திரேதம்; இரண்டு எஞ்சினால் துவாபரம்; ஒன்று எஞ்சினால் கலி. யுகங்களின் பெயர்களும் இவையே. எனவே கலி என்பது தோற்கும் எறிவுக்கும் பெயர் என்பதை நினைவிற் கொண்டு நளன் கதையைப் படித்தல் வேண்டும்.

நளன் புட்கரனோடு ஆடித் தோற்றது ஒருநாளன்று. பல திங்கள் ஆடினான் என்று வியாச பாரதம் கூறுகிறது. அமைச்சரும் தமயந்தியும் தடுத்தும் எழுந்திலன். கலி அவனுள் புகுந்தமையே காரணம் என்பது கதை. ஆயினும் அதே கதை வேறொரு செய்தியையும் சொல்கிறது. நாடிழந்து தேரோட்டியாகத் திரிந்த நளன், அயோத்தி மன்னன் இருதுபன்னனை விதர்ப்பத்திற்கு ஏற்றிச் செல்லுகையில், வழியில் ஒரு தான்றிமரம் நிற்கிறது. அதன் இரண்டு கிளைகளில் 2,095 காய்கள் உள என்று ஒரு நோக்கிலேயே மன்னன் சொல்கிறான். நளன் எண்ணிப் பார்க்க, கணக்குச் சரியாக இருக்கிறது. (நம் புகழேந்தியார் பத்தாயிரம் கோடி என்று பெருக்கிவிட்டார், அதனை எண்ணி முடிப்பதெனின் தமயந்தியின் சுயம்வரம் காத்திராது!) குதிரை நூலைக் கொடுத்துச் சூதின் மருமத்தை நளன் பெற்றுக்கொள்கிறான், உடனே கலி அவனைவிட்டு நீங்குகிறது.

சூதுக்கும் மரத்திற் காய் எண்ணுவதற்கும் என்ன தொடர்பு என்று மயங்கினோர் பலர். தான்றிக்காயை நான்கால் வகுக்கும் ஆட்டத்தில், பிடியில் உள்ளது எத்தனை என்று கண்ணாலேயே கணிப்பவன் மற்றவரை எளிதில் வெல்வான் அன்றோ? நளனுக்கு அத்திறம் இல்லை. ஆக, அவன் பல திங்கள் தோற்றது ஊழால் அன்று; ஆட்டம் அறியாமையால் என்றே கொள்ளல் தகும்.

இம்முடிவுக்குக் கணக்கும் துணை நிற்கிறது. ஆடுவோர் இருவரும் சமமாயின் 100 ஆட்டத்தில் ஏறத்தாழ 50 வெற்றி வரவேண்டும். எனினும் 40 வெற்றியோ அதனினும் குறைவோ வருதல் நூற்றுக்கு மூன்று முறை வெறும் வாய்ப்பாலேயே நிகழும். தொடர்ந்து 5 தோல்வி நேர்வதோ மிக இயல்பு. 100 ஆட்டங்களுள் எங்கேனும் அது வருவதற்கு ஐந்தில் நான்கு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே ஓர் இரவின் தோல்வியைக் கொண்டு ஆடியவன் திறமையை அளத்தல் இயலாது. 10,000 ஆட்டத்தில் 4,800 மட்டுமே வென்றால் அக்கதை வேறு. சமமான ஆட்டத்தில் அஃது இயல்பாக வரக்கூடியது அன்று. ஆட்டம் பெருகப் பெருக வாய்ப்பின் ஏற்றத்தாழ்வு விகிதத்திற் சுருங்கும் என்பதை நிறுவிய யாக்கோபு பெர்னூலியின் நூல், அவர் இறந்தபின் 1713இல் வெளிவந்தது.

சீட்டாட்டத்தில், போக்கர் போன்றவற்றிற் குறிப்பாக, திறமும் வாய்ப்பும் பின்னிக் கிடக்கும். அங்கே தோற்றவன் ஆராயவேண்டியது இழந்த தொகையை அன்று. பணம் கட்டிய அந்நேரத்தில் தனக்குத் தெரிந்த சீட்டுகளைக்கொண்டு கட்டியது தகுமா என்பதையே. தகுமெனின் பின்னர் வந்த சீட்டு அவன் பிழையன்று. தகாதெனின் வென்றிருந்தாலும் பிழையே.

பான்டான் விடுதிக்கு மீள்வோம். அங்கே குவியல் மூடப்பட்டிருத்தலின், நேர்மையாக நடந்தால் இருதுபன்னனே வந்தாலும் பயனில்லை. நான்கில் ஒன்று வெல்லும். வென்றதிலும் விடுதிக்காரர் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். 36 எண்களுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வாவே என்னும் சூதில் வென்றவனுக்கு 30 மடங்கே கிடைக்கும். 36 முறை ஒவ்வொரு வெள்ளி கட்டினால், சராசரியில் 6 வெள்ளி போயிற்று. இங்கே தோற்றவன் தன் திறத்தைப் பழித்தலும் வீண். கிரகத்தைப் பழித்தலும் வீண். கூலியாளோ கனவுக்குப் பொருள் தேடினான், கோயிலில் நேர்ந்துகொண்டான், எண்ணை மாற்றினான். ஆட்டத்தின் விதியையே ஐயுற அவனுக்குக் கணக்குக் கற்பித்தவர் எவருமில்லை.

நளனும் இதில் முற்றும் தெளிந்தவன் அல்லன். மீண்டும் வந்து ஒரே எறிவில் நாட்டை வென்றபின், முன்னர்த் தன்னை வென்றது நீயல்லை, கலியே என்று புட்கரனிடம் சொல்கிறான். வென்றது வித்தையால், தோற்றது கலியால் என்னும் இந்தப் பேச்சைச் சூதுக்களங்கள் எல்லாவற்றிலும் கேட்கலாம். பல திங்கட் தோல்வி காட்டியதை அந்த ஓர் எறிவு காட்டவில்லை என்பதும் கருதற்பாலது. புட்கரன் தனக்கு நேர்ந்தது வெறும் ஊழே என்றிருந்தால், அந்த ஓர் எறிவைக்கொண்டு மறுக்க இடமில்லை.

குத்தகை ஒழிந்தும் மலேசியாவில் நாலு நம்பர் கடைகள் இருக்கின்றன. 10,000 எண்களையும் பெரிய பந்தயத்தில் ஒவ்வொரு வெள்ளி கட்டி ஒருவரே எடுப்பாராயின், 23 பரிசுகளும் சேர்ந்து அவருக்கு 6,400 வெள்ளி திரும்பும்.