கூடு எடுப்பவர்களைக் காவலராக்கிய ரவி சங்கரன்

பறவையியலாளர் ரவி சங்கரன் (1963–2009) தமிழ்நாட்டுக் கல்விப்புலத்தில் அதிகம் பேசப்படாத பெயர். இத்தனைக்கும் அவர் பணியாற்றிய சாலிம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் கோவையை அடுத்த ஆனைகட்டியில்தான் இருக்கிறது.

வரகுக்கோழி பற்றிய முனைவர் பட்ட ஆய்வுக்குப் பின் அவர் கவனம் தீவுகளின் பக்கம் திரும்பியது. 1992–94இல் நிக்கோபார் மெகபோடு பறவையைக் கணக்கெடுத்தார். அப்பறவை அடைகாப்பதில்லை, கரையோரக் காட்டில் மணலையும் சருகையும் மேடாகக் குவித்து முட்டையிடும். மக்கும் சருகின் வெப்பமே குஞ்சு பொரிக்க உதவுகிறது. 2004 ஆழிப்பேரலை அக்கரைகளை அழித்தபோது, இழப்பை அளக்க அவருடைய பழைய கணக்கே அடிப்படையாயிற்று.

ஆயினும் அவருடைய தனித்துவம் வெளிப்பட்டது உண்கூட்டு உழவாரன் ஆய்வில் என்பேன். இதன் அறிவியற்பெயரிலுள்ள 'ஃபூசிஃபாகா' என்பதற்குக் 'கடற்பாசி உண்பது' என்று பொருள். கூடு கடற்பாசியால் ஆனது என்ற பழைய நம்பிக்கையின் எச்சம் அது. (மொழியியல் மாணவருக்கு இத்தகைய பிழைப்பெயர்கள் தனிச்சுவை.) உண்மையில் கூடு முழுவதும் பறவையின் உமிழ்நீர். இருண்ட குகைச் சுவரில் அது உறைந்து வெண்கிண்ணமாகிறது. சீன உணவில் அதற்குப் பெருவிலை.

அவ்விலையே பறவைக்கு வினையாயிற்று. முட்டையிடும் முன்பே கூட்டைப் பெயர்த்தெடுப்பர், பறவை மீண்டும் கட்டும், அதுவும் பறிபோகும். பத்தாண்டுகளில் தொகை 80 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்ததாகச் சங்கரன் மதிப்பிட்டார்.

தடையை இறுக்குக என்பதே அறிஞரிடம் நாம் எதிர்பார்க்கும் பரிந்துரை. அவர் வேறு வழி கண்டார். கடற்குன்றுகளிலும் காட்டுக்குள்ளும் சிதறிக்கிடக்கும் எண்ணற்ற சிறு குகைகளை வனத்துறை எவ்வாறு காக்கும்? அவற்றை அறிந்தவர்கள் கூடு எடுப்பவர்களே. குஞ்சு பறந்தபின் வெற்றுக்கூட்டை எடுத்தால் பறவைக்கு இழப்பில்லை, எடுப்பவருக்கும் வருவாய் உண்டு. 1999இல் வனத்துறையுடன் இணைந்து தொடங்கிய திட்டத்தில், வட அந்தமானின் சாலிஸ் ஏக் குகைகளுக்கு முன்னாள் கூடு எடுப்பவர்களே காவலிருந்தனர். துகாபூரில் இன்னொரு முயற்சி: வீடுகளில் கூடு கட்டும் உறவினப் பறவையின் கூட்டில் இதன் முட்டையை வைத்து, வீட்டிலேயே வளரும் கூட்டத்தை உருவாக்குவது.

இதனிடையே பறவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. கூடு விற்பனை முற்றிலும் குற்றமாயிற்று. மேலோட்டமாகப் பார்த்தால் இது பாதுகாப்புக்குக் கிடைத்த வெற்றி. காவலிருந்தவருக்கோ, காத்திருந்த வருவாய்க்கான வழி அடைபட்டது. எனவே அட்டவணையிலிருந்து அப்பறவையை நீக்குமாறு வாதாடியவர், அதைக் காக்க முனைந்த அதே அறிஞர். அரிய உயிரைச் சட்டக் காப்பிலிருந்து விடுவிக்கச் சொல்வது எளிதில் ஏற்கப்படும் கருத்தன்று. முறைகேடான வணிகத்துக்கு அது மறைவாகலாம் என்ற அச்சமும் நியாயமானதே. அதற்கு அவர் முன்வைத்தது சாலிஸ் ஏக்கில் குஞ்சு பறக்கும்வரை காக்கப்பட்ட கூடுகளைத்தான்.

2009 சனவரி 17 அன்று, மையத்தின் இயக்குநராக இருந்த நிலையில், மாரடைப்பால் அவர் காலமானார். வயது 45.