விண்ணப்பம் யார் பெயரில்?

1913 ஜனவரியில் எத்தல் மெக்கன்சி என்ற பெண்மணி, வாக்காளராகத் தம்மைப் பதிவு செய்யுமாறு சான் பிரான்சிஸ்கோ தேர்தல் அதிகாரிகளிடம் கோரினார். அவர் கலிபோர்னியாவில் பிறந்தவர். அம்மாநிலப் பெண்கள் 1911இலேயே வாக்குரிமை பெற்றிருந்தனர். ஆயினும் கோரிக்கை மறுக்கப்பட்டது. 1909இல் அவர் மணந்த கார்டன் மெக்கன்சி, கலிபோர்னியாவில் குடியேறி வாழ்ந்த பிரிட்டிஷ் பிரஜை. அமெரிக்கப் பெண் அயல்நாட்டவரை மணந்தால் கணவரின் தேசியத்தையே அடைவாள் என்றது 1907ஆம் ஆண்டுச் சட்டம். பிறந்த மண்ணை விட்டு நீங்காமலே எத்தல் அந்நியராகிவிட்டார்.

இச்சட்டத்தை 1855ஆம் ஆண்டுச் சட்டத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து குடியேறிய ஒருவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற கணமே அவருடைய அயல்நாட்டு மனைவியும் குடிமகளாவார் என்றது அது. அவளுக்கு விண்ணப்பமும் இல்லை, உறுதிமொழியும் இல்லை. கணவரின் சான்றிதழும் திருமணச் சான்றுமே அவளுடைய குடியுரிமைக்கு ஆதாரம். கணவர் விண்ணப்பிக்காவிட்டால், அவள் தனித்து விண்ணப்பிப்பதை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கவில்லை. இச்சலுகைக்கு இன வரம்பும் இருந்தது. சட்டப்படி குடியுரிமை பெறத் தகுதியுள்ள பெண்ணுக்கு மட்டுமே அது பொருந்தும். 1790 முதல் அத்தகுதி வெள்ளையருக்கும், 1870 முதல் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் உரியதாக இருந்தது.

1855ஐச் சலுகை என்றும் 1907ஐத் தண்டனை என்றும் பிரித்துப் பார்ப்பது வழக்கம். இரண்டின் அடிப்படையும் ஒன்றே: மணமான பெண்ணின் சட்ட ஆளுமை கணவருடைய ஆளுமைக்குள் அடங்கிவிடுகிறது. குடியுரிமை அவளைக் கேட்காமல் வந்தது. அவளைக் கேட்காமலே போனது. எத்தல் தொடுத்த வழக்கில் 1915இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கணவன் மனைவி ஒருமை என்ற பழைய கோட்பாட்டையே சார்ந்தது. விளைவை அறிந்து, தம் விருப்பத்தின்படியே அவர் மணந்தார் என்றும் கூறியது.

1920இல் அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியாக நாடு முழுவதும் பெண்கள் வாக்குரிமை பெற்றபின், இக்கோட்பாட்டைக் காப்பது கடினமாயிற்று. 1922 செப்டம்பரில் கேபிள் சட்டம் நிறைவேறியது. அதன்பின் குடியேறியவரின் மனைவி தம் பெயரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். கணவர் குடிமகனாயின், ஐந்தாண்டு வசிப்பு நிபந்தனை அவருக்கு ஓராண்டாகக் குறைந்தது. முன்கூட்டிய விருப்ப அறிவிப்பும் தேவைப்படவில்லை.

இம்மாற்றத்துக்கு விலையும் இருந்தது. அமெரிக்கரை மணந்த பிரிட்டிஷ் பெண், அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி மணநாளிலேயே தம் நாட்டுரிமையை இழந்தார். அமெரிக்கக் குடியுரிமையோ பின்னர்தான் கிடைக்கும். இடைப்பட்ட காலத்தில் அவர் எந்நாட்டவரும் அல்லர். பிரிட்டன் 1933இல்தான் இந்த இடைவெளியை அடைத்தது. மேலும், குடியுரிமைக்குத் தகுதியற்ற அயலவரை மணந்த அமெரிக்கப் பெண் தம் உரிமையை இழப்பார் என்ற விதியைக் கேபிள் சட்டம் விட்டுவைத்தது. 1923இல் பகத் சிங் திந்த் வழக்கின் தீர்ப்பு இந்தியரை அத்தகுதியற்றோர் வரிசையில் நிறுத்தியது. எனவே ஐரோப்பியக் குடியேறியை மணந்தவருக்குக் கிடைத்த பாதுகாப்பு, இந்தியரை மணந்தவருக்குக் கிடைக்கவில்லை. அவ்விதி 1931இல் நீங்கியது.

நம் சட்டத்திலும் இதன் சாயல் உண்டு. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இந்தியரை மணந்த பெண்களுக்கு மட்டுமே திருமணவழிப் பதிவை அனுமதித்தது. இந்தியப் பெண்ணை மணந்த அயல்நாட்டு ஆணுக்கு அவ்வழி இல்லை. 1986ஆம் ஆண்டுத் திருத்தமே ‘பெண்கள்’ என்ற சொல்லை ‘நபர்கள்’ என்று மாற்றியது.

வாழ்க்கைத்துணைக்கான குடியுரிமை விண்ணப்பத்தை இன்று நாம் ஓர் அலுவலகச் சுமையாகவே எண்ணுகிறோம். அந்தத் தாளில் மனைவியின் பெயர் விண்ணப்பதாரராக இடம்பெறுவதற்கே நீண்ட போராட்டம் தேவைப்பட்டது. குடியுரிமைச் சட்டங்களை ஆராயும் மாணவர்கள், ஒரு சட்டம் எதை அளிக்கிறது என்று கேட்பதற்கு முன், அதை யார் பெயரில் கேட்க முடியும் என்று பார்க்க வேண்டும்.