சுரங்க வாசலில் நின்றுபோன சட்டம்



நாம் இன்று யாரை நினைவுகூர்கிறோமோ அந்தத் தோழருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அது நல்லதா கெட்டதா என்று கேட்கமாட்டார். "அதுல யார விட்டுட்டாங்க?" என்றுதான் கேட்பார். கூட்டங்களில் பலருக்கு அது எரிச்சலாகக்கூட இருந்தது. அந்தக் கேள்வியோடுதான் இந்த உரையில் 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தைப் பார்க்கப்போகிறோம். நம் வீடுகளில் அதற்கு இ.எஸ்.ஐ. என்று பெயர்.

நெய்வேலியில் இருந்துகொண்டு இந்தச் சட்டத்தைப் படிப்பதில் ஒரு விசேஷம் இருக்கிறது. அதன் 2(12) பிரிவு தொழிற்சாலை என்றால் என்ன என்று சொல்கிறது. சொல்லிவிட்டு, சுரங்கச் சட்டத்துக்கு உட்பட்ட சுரங்கம் இதில் சேராது என்று ஒரு வரியைச் சேர்க்கிறது. மந்தாரக்குப்பத்திலிருந்து ஒரே வண்டியில் வேலைக்குப் புறப்படும் அண்ணன் தம்பி இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அண்ணன் அனல் மின் நிலையத்தில் சாம்பல் அள்ளுகிறார். தம்பி சுரங்கத்துக்குள் கன்வேயர் பெல்ட்டின் கீழே சிந்தும் மண்ணை வாருகிறார். தம்பி வெட்டிய பழுப்பு நிலக்கரிதான் அண்ணன் வேலை செய்யும் கொதிகலனில் எரிகிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணில் அண்ணன் இருப்பது தொழிற்சாலை, தம்பி இருப்பது சுரங்கம். நிரந்தரத் தொழிலாளிக்கு நிறுவனத்தின் மருத்துவமனை உண்டு. 2020 மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாவது அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தபோது இறந்தவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தார்கள் என்பதை இங்கே யாருக்கும் நாம் நினைவூட்ட வேண்டியதில்லை.

அந்த ஒரு வரி எப்படி வந்தது? அதைப் புரிந்துகொள்ள 1928க்குப் போக வேண்டும்.

பம்பாய் சட்டமன்றத்தில் அந்த ஆண்டு பேறுகால உதவி மசோதா விவாதத்துக்கு வந்தது. ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்குப் பேறுகாலத்தில் விடுப்பும் பணமும் தர வேண்டும் என்பது அதன் சாரம். இதற்கு முன் என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் இதேபோன்ற மசோதாவைக் கொண்டுவந்து தோற்றிருந்தார். பம்பாயிலும் ஆலை முதலாளிகள் தரப்பில் எதிர்ப்பு இருந்தது. முந்தைய ஆண்டுதான் நியமன உறுப்பினராக அவைக்குள் நுழைந்திருந்த அண்ணல் அம்பேத்கர், ஜூலை 28 அன்று மசோதாவை ஆதரித்துப் பேசினார். பிள்ளை பெறும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன். ஆகவே அந்தச் செலவில் பெரும்பங்கை அரசு சுமக்க வேண்டும் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அதைச் சொல்லி முதலாளி தப்பிக்க முடியாது என்றார். பெண்ணை வேலைக்கு வைப்பதால் ஆணுக்குக் கொடுப்பதைவிடக் குறைவான கூலியில் அவருக்கு லாபம் கிடைக்கிறது. லாபம் எடுப்பவர் சுமையிலும் பங்கெடுக்கட்டும். கருணை, தாய்மை என்றெல்லாம் பேசாமல் கணக்கை எடுத்து மேசைமேல் வைத்த பேச்சு அது. மசோதா 1929இல் சட்டமானது. சென்னை மாகாணத்தில் அப்படி ஒரு சட்டம் வர இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் ஆயின.

1942 ஜூலையில் அண்ணல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். இந்தக் காலத்தைப் பற்றி நம் சுவரொட்டிகள் நிறையச் சொல்கின்றன, சில சமயம் இருந்ததற்கு மேலேயே சொல்கின்றன. அன்றைய மத்திய சட்டமன்றம் 1934 தேர்தலில் வந்த அவை. ஆயுள் நீட்டப்பட்டு நீட்டப்பட்டு 1945 வரை ஓடியது. காங்கிரஸ் தலைவர்கள் சிறையில். முஸ்லிம் லீக் ஒரு பக்கம், ஐரோப்பியர் குழு ஒரு பக்கம், அரசு நியமித்த அதிகாரிகள் ஒரு பக்கம். அண்ணலுக்கு அந்த அவையில் தன் கட்சி என்று சொல்லிக்கொள்ள ஒரு படை கிடையாது. அதனால் அவர் அவைக்கு வெளியே வேலையைத் தொடங்கினார். அரசு, முதலாளி, தொழிலாளி என்ற முத்தரப்பு மாநாடுகளில் முதலில் பேசித் தீர்த்துவிட்டுப் பிறகு அவைக்குக் கொண்டுபோவது ஒரு வழி. அதற்கும் பொறுமையில்லாத இடத்தில் அவசரச் சட்டம். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நலநிதி 1944 ஜனவரியில் அப்படித்தான் பிறந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் அவர் தன்பாத் போய்ச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்திருந்தார். வெட்டி அனுப்பும் நிலக்கரியில் டன்னுக்கு இத்தனை அணா என்று தீர்வை வசூலித்து, அதில் மருத்துவமனையும் குடியிருப்பும் கட்டுவது அந்த ஏற்பாடு.

இதே காலத்தில் நமக்குச் சங்கடமான ஒரு விஷயமும் நடந்தது. போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டைக் காட்டி, பெண்கள் நிலத்தடிச் சுரங்கத்தில் வேலை செய்யக்கூடாது என்ற தடையை அரசு 1943இல் நீக்கியது. 1944 பிப்ரவரியில் அவையில் இதைக் கண்டித்து ரேணுகா ராய் கேள்வி எழுப்பியபோது பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றவர் அண்ணல். ஆணுக்குள்ள கூலியே பெண்ணுக்கும் என்பதை அவர் தன் பதிலில் முன்வைத்தார். சுரங்கப் பெண்களுக்கான பேறுகால உதவிச் சட்டமும் அவர் காலத்தில் திருத்தப்பட்டது. தடை 1946இல்தான் திரும்ப வந்தது. பிளவுபட்ட அவையில் பதவியில் இருப்பது என்றால் இதையும் சேர்த்துத்தான். இதை மறைத்துவிட்டு நாம் வரலாறு எழுதத் தேவையில்லை.

1943 மார்ச்சில் பி.பி. அதார்கர் என்ற பொருளியல் அறிஞரிடம் ஆலைத் தொழிலாளர்களுக்கான நோய்க் காப்பீட்டுத் திட்டம் ஒன்றைத் தயாரிக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. 1944 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. பிரிட்டனின் பெவரிட்ஜ் அறிக்கை அப்போது உலகமெல்லாம் பேசப்பட்டதால் அதார்கரை 'சின்ன பெவரிட்ஜ்' என்றார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நிபுணர்கள் அறிக்கையைச் சரிபார்த்தார்கள். 1946 கோடையில் அண்ணல் பதவியிலிருந்து வெளியேறும்போது திட்டம் காகிதத்தில் இருந்தது, அவையில் இல்லை.

அதை அவைக்குள் கொண்டுவந்த அமைச்சகம் ஜகஜீவன் ராமினுடையது. 1946 இடைக்கால அரசில் காங்கிரஸ் சார்பில் தொழிலாளர் துறைக்கு வந்தவர். அண்ணலும் அவரும் எதிரெதிர் முகாம். தாழ்த்தப்பட்டோருக்காகப் பேசும் உரிமை யாருக்கு என்பதில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்புக்கும் காங்கிரஸுக்கும் அந்த ஆண்டு கடும் சண்டை. அக்டோபரில் முஸ்லிம் லீக் அரசில் சேர்ந்தபோது தன் பங்கு இடங்களில் ஒன்றை ஜோகேந்திரநாத் மண்டலுக்குக் கொடுத்தது. அவர் அண்ணலின் கூட்டமைப்பைச் சேர்ந்தவர். ஆக ஒரே அமைச்சரவையில், ஒருவரையொருவர் நம்பாத இரண்டு கட்சிகளின் சார்பில், இரண்டு தலித் அமைச்சர்கள். நவம்பரில் மசோதா அறிமுகமானது. இது முடிவதற்குள் அந்த அவையே இரண்டு நாடுகளாகப் பிரிந்துபோனது. பிளவுபட்ட அவை என்பது இங்கே வெறும் உவமை இல்லை.

பிரிவினைக்குப் பின் ஜகஜீவன் ராம் இந்தியாவின் தொழிலாளர் அமைச்சர். மண்டல் பாகிஸ்தானின் சட்ட அமைச்சர், தொழிலாளர் அமைச்சரும் அவரே. 1950இல் பதவியை விட்டுவிட்டு இந்தியா திரும்பினார். மேற்குப் பாகிஸ்தானில் இதையொத்த சட்டம் வந்தது 1965இல். எல்லைக்கு இரு பக்கமும் தொழிலாளர் துறை தலித்துகளிடம் வந்தது எப்படி என்று மாணவ நண்பர்கள் யோசிக்கலாம். நிதியும் உள்துறையும் யாரிடம் போயின என்பதையும் சேர்த்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

இங்கே 'ஒர்க்மென்' என்ற சொல்லை 'எம்ப்ளாயீஸ்' என்று மாற்றி, அரசமைப்பு அவையே சட்டமன்றமாக அமர்ந்து மசோதாவை நிறைவேற்றியது. 1948 ஏப்ரல் 19 அன்று ஒப்புதல் கிடைத்தது. அண்ணலின் துறையில் விதைத்தது ஜகஜீவன் ராம் கையில் விளைந்தது என்பதே உண்மை. ஒருவருக்கு மட்டும் மாலை போட்டால் பாதி வரலாறு போய்விடும்.

இப்போது தோழரின் கேள்விக்கு வருவோம். 1948இல் உள்ளே யார்? ஆண்டு முழுவதும் ஓடுகிற, மின்விசையைப் பயன்படுத்துகிற, 20 பேராவது வேலை செய்கிற ஆலை. மாதக் கூலி 400 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. வெளியே யார்? வயலில் நிற்பவர்கள், வீட்டு வேலை செய்பவர்கள், பருவகால ஆலைக்காரர்கள், சுரங்கத்தில் இறங்குபவர்கள். நிலக்கரிச் சுரங்கத்துக்குத் தனியாக நலநிதி இருக்கிறதே என்பது சொல்லத்தக்க நியாயம்தான். ஆனால் நிதி என்பது நலத்திட்டம். காப்பீடு என்பது கூலியில் பிடித்தம் கொடுத்து வாங்கிய உரிமை. இரண்டும் ஒன்றல்ல. சாதிப் பெயர் எதுவும் அந்தச் சட்டத்தில் கிடையாது. ஆனாலும் வெளியே நின்றவர்களில் சேரி எவ்வளவு என்று கேட்டால் போதும்.

இது நம் நாட்டு விசேஷமும் இல்லை. அமெரிக்காவில் 1935இல் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் முதியோர் காப்பீடு பண்ணைத் தொழிலாளரையும் வீட்டு வேலைக்காரரையும் விட்டுவிட்டது. தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்கள் பெரும்பாலும் செய்தது அந்த இரண்டு வேலைகளைத்தான். நிர்வாகச் சிக்கலே காரணம் என்றும், தெற்கத்திய உறுப்பினர்களின் ஓட்டே காரணம் என்றும் அறிஞர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். 2010இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் கீழவையில் 219க்கு 212 என்று தப்பிப் பிழைத்தபோதும், ஆவணமற்ற குடியேறிகள் வெளியேதான் நின்றார்கள். பிரிட்டனில் கதை வேறு. வேல்ஸ் சுரங்கத்தில் வேலை செய்து வளர்ந்த அனைரின் பெவன் 1946இல் எல்லோருக்குமான மருத்துவ சேவை மசோதாவைக் கொண்டுவந்தார். கன்சர்வேடிவ் கட்சி எதிர்த்து ஓட்டளித்தது. அவரிடம் 359க்கு 172 என்று பெரும்பான்மை இருந்ததால் யாரையும் வெளியே தள்ளாமல் நிறைவேற்ற முடிந்தது.

நம்மிடமும் எல்லோருக்குமான திட்டம் ஒன்று இருந்தது. கையில் காசில்லை என்பதற்காக ஒருவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக்கூடாது என்று போர் குழு 1946இல் அறிக்கை கொடுத்தது. அது சட்டமாகவில்லை. சிறிய மசோதா ஜெயித்தது, பெரிய அறிக்கை நூலகத்துக்குப் போனது.

ஜெயித்த சட்டமும் உடனே நடைமுறைக்கு வந்துவிடவில்லை. எந்த ஊரில் முதலில் தொடங்குகிறீர்களோ அந்த ஊர் முதலாளிக்கு மட்டும் செலவு கூடுமே என்று சண்டை. நாடு முழுவதும் முதலாளிகளிடம் ஒரு சிறப்புப் பங்குத்தொகை வாங்க 1951இல் சட்டத்தைத் திருத்தி அதைத் தீர்த்தார்கள். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1955இல் கோவையில். அடுத்த ஆண்டு நவம்பரில் நெய்வேலி நிறுவனம் பதிவாகி, 1957 மே மாதம் சுரங்கம் தோண்டும் பணி தொடங்கியபோது 2(12) பிரிவின் அந்த வரி ஏற்கெனவே இங்கே காத்துக்கொண்டிருந்தது. ஊரையும் நிலத்தையும் விட்டுக் கிளம்பியவர்களுக்கு அப்படி ஒரு வரி இருப்பது தெரிந்திருக்க வழியில்லை.

2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்து புறக்கணித்திருந்த நாடாளுமன்றத்தில், சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. எதிர்த்துப் பேச ஆளில்லாத அவையில் நிறைவேறிய அந்தத் தொகுப்பை நாம் எதிர்க்கப் பல காரணங்கள் உண்டு. அதற்காக அதைப் படிக்காமல் விடவேண்டாம். இ.எஸ்.ஐ. யாருக்குப் பொருந்தும் என்ற அட்டவணையில் இப்போது இருப்பது, 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த நிறுவனமும் என்ற வாசகம். சுரங்கத்தை வாசலில் நிறுத்திய வரி அந்த அட்டவணையில் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் அதை எடுத்துக்கொண்டு வாயில் கூட்டங்களில் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருக்கின்றன. அதே அட்டவணை பருவகால ஆலைகளை மட்டும் பெயர் சொல்லி வெளியே வைத்திருக்கிறது. அந்தச் சொல்லுக்குத் தரப்பட்டுள்ள விளக்கத்தில் சர்க்கரை ஆலையும், நம் விருத்தாசலம் பக்கத்துப் பெண்கள் வேலைக்குப் போகிற மல்லாட்டை உடைக்கும் ஆலையும் இருக்கின்றன.